பழைய இரும்பில் வெல்டிங் வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புது ஆங்கிள் வாங்கி வெல்டு வைப்பதும் குவியலில் கிடந்த ஆங்கிளை உருவி எடுத்து வெல்டு வைப்பதும் ஒரே வேலை அல்ல. புதியது என்ன ரகம் என்று கடையிலேயே தெரிந்துவிடும். பழையது என்ன இரும்பு, மேலே என்ன பூச்சு, உள்ளே என்ன அடைந்திருக்கிறது என்று நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். கை நன்றாகப் பழகியவர்கள்கூடப் பழைய இரும்பில் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான். அதனால் கீழே உள்ளவற்றில் பெரும்பகுதி ஆர்க் (ராடுக்கும் இரும்புக்கும் நடுவே எழும் மின்தீ) பற்றவைப்பதற்கு முன்னால் நடக்கவேண்டிய வேலைகள்.

எந்த மெஷின் வாங்கலாம்? மிக் என்றால் சுலபம் என்கிறார்களே?

மிக் என்பது கம்பியைத் தானாகத் தள்ளி, வாயுவால் மூடி வைக்கும் வெல்டிங். சுத்தமான புது இரும்புக்கு அது சுலபம்தான். பழைய இரும்புக்கு ராடு வைத்து அடிக்கும் ஆர்க் வெல்டிங்கே முதல் மெஷினாக இருக்கட்டும். ராடின் மேல்பூச்சு எரிந்து வரும் வாயுவும் கசடும், மிச்சம் மீதி துருவையும் அழுக்கையும் ஓரளவு சமாளித்துவிடும். திறந்த வெளியில் காற்று வீசினாலும் வேலை நடக்கும். மிக் வாயு சின்னக் காற்றுக்கே கலைந்துபோகும். துருவின்மேல் வைத்தால் வெல்டு முழுக்க ஊசி ஓட்டைதான். டிக் (டங்ஸ்டன் முனையால் ஆர்க் எழுப்பும் வெல்டிங்) இன்னும் கறாரானது, விரல் ரேகை எண்ணெயைக்கூடப் பொறுக்காது.

160 ஆம்ப் டிசி இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷின் ஒன்று பொழுதுபோக்கு வேலைக்குத் தாராளம். பெட்டியில் பெரிதாக அச்சடித்த எண்ணை விட்டுவிட்டு டியூட்டி சைக்கிளைப் பாருங்கள். 140 ஆம்பில் 30 சதவீதம் என்றால் பத்து நிமிடத்தில் மூன்று நிமிடம் அடிக்கலாம், ஏழு நிமிடம் ஆறவிட வேண்டும். கிரைண்டர் பொறி மெஷின் பக்கம் பறக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் ஃபேன் அந்த இரும்புத் தூளை இழுத்துப் போர்டில் படியவைக்கும். இன்வெர்ட்டர்கள் திடீரென்று செத்துப்போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஒரு மில்லிமீட்டர் தகட்டு வேலைதான் அதிகம் என்றால் மட்டும் மிக் பக்கம் போகலாம்.

எந்த ராடு, எத்தனை ஆம்ப்?

ராடின் ரகத்தைப் பாக்கெட்டில் உள்ள எண் சொல்லும். பழகுவதற்கும் பொதுவான வேலைக்கும் 6013. ஏசி, டிசி இரண்டிலும் எரியும், எளிதில் பற்றும், கசடு சுலபமாக உரியும். 2 மி.மீ. ராடுக்கு 40 முதல் 65 ஆம்ப், 2.5 மி.மீ.க்கு 60 முதல் 95, 3.15 மி.மீ.க்கு 90 முதல் 130. பாக்கெட்டில் வேறு எண் இருந்தால் அதுவே சரி. நடுவில் தொடங்கி, ஓட்டத்தைப் பார்த்து ஐந்து ஐந்தாக ஏற்றி இறக்குங்கள்.

துரு விடாப்பிடியாக இருக்கும் இடத்தில் 6011 ஆழமாகத் தோண்டி இறங்கும். ஆனால் பொறி தெறிக்கும், வெல்டின் முகம் கரடுமுரடாக வரும். 6010 இதற்கு அண்ணன், ஆனால் சிறிய இன்வெர்ட்டர்கள் பலவற்றில் அணைந்து அணைந்து போகும், அதை நம்பி வாங்காதீர்கள். கார்பன் கூடிய இரும்புக்கும் கனமான பளு தாங்கும் இணைப்புக்கும் 7018, டிசியில் ராடு பாசிட்டிவ். இந்த ராடு ஈரம் பட்டால் அதன் குணமே போய்விடும். பாக்கெட் பிரித்து மாதக்கணக்கில் கிடந்த 7018-ஐ 300 டிகிரி செல்சியஸுக்கு மேல் அடுப்பில் சுட்டெடுக்காமல், பளு தாங்கும் வேலைக்கு எடுக்கக்கூடாது.

கையில் இருப்பது என்ன இரும்பு என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் காந்தம். ஒட்டாவிட்டால் அலுமினியம், பித்தளை, செம்பு, அல்லது 304 வகை எவர்சில்வர். ஒட்டினால் இரும்பு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 430 வகை எவர்சில்வரிலும் காந்தம் ஒட்டும். 304-உம் வளைத்து அடித்த இடங்களில் லேசாக இழுக்கும்.

அடுத்தது அரம். புதிய அரத்தை ஓரத்தில் ஒரு முறை இழுங்கள். கடித்துக்கொண்டு தூள் வந்தால் சாதாரண மைல்டு ஸ்டீல். கண்ணாடிமேல் போவதுபோல் வழுக்கினால் கடினமாக்கப்பட்ட எஃகு.

மூன்றாவது பொறிச் சோதனை. மூன்றிலும் அதிகம் சொல்வது இதுதான். நிழலான இடத்தில், தெரிந்த மைல்டு ஸ்டீல் துண்டு ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இரண்டையும் ஒரே அழுத்தத்தில் கிரைண்டரில் தொட்டுப் பாருங்கள். மைல்டு ஸ்டீல் பொறி நீளமாக, வெளிர் மஞ்சள் கோடுகளாகப் போகும்; நுனியில் கிளை பிரிவது கொஞ்சம்தான். கார்பன் கூடக் கூடக் கோடு குட்டையாகி, வீலுக்குப் பக்கத்திலேயே மத்தாப்புபோல் பூத்து வெடிக்கும். வார்ப்பிரும்பில் மங்கிய சிவப்பாகத் தொடங்கி, கொஞ்ச தூரத்திலேயே சிறு பூவாக முடியும். எவர்சில்வரில் ஆரஞ்சுக் கோடு, வெடிப்பு அநேகமாக இராது.

வார்ப்பிரும்பா எஃகா என்ற குழப்பம் மட்டும் மிஞ்சினால் டிரில் போட்டுப் பாருங்கள். எஃகு சுருள் சுருளாக வரும். வார்ப்பிரும்பு பொடியாக உதிரும், அந்தப் பொடியைத் தொட்டால் விரல் பென்சில் கரிபோல் கறுக்கும். உள்ளே இருக்கும் கிராஃபைட்தான் அது.

அந்தப் பொருள் முன்பு என்ன வேலை செய்தது என்பதும் பெரிய துப்பு. லாரிப் பட்டை ஸ்பிரிங்கில் கார்பன் சுமார் 0.6 சதவீதம். தண்டவாளத்தில் அதைவிடக் கொஞ்சம் கூடுதல். பேரிங்கில் ஏறக்குறைய ஒரு சதவீதம். போல்டு தலையில் 8.8, 10.9, 12.9 என்று இருந்தால் வெப்பப்பதம் செய்தது. அதன்மேல் வெல்டு வைத்தால் அந்த பலம் போய்விடும். ஜன்னல் கம்பி, கேட், கூரைச் சட்டம், இரும்பு மேசை இவையெல்லாம் பெரும்பாலும் கண்ணை மூடிக்கொண்டு வெல்டு செய்யக்கூடிய ரகம். பெயிண்டும் துத்தநாகமும் மட்டும்தான் அங்கே தொல்லை.

எவற்றைக் குவியலிலேயே விட்டுவிட வேண்டும்?

மூடிய எதையும். எண்ணெய் டிரம், பெட்ரோல் டேங்க், பெயிண்ட் டின், கேஸ் சிலிண்டர். "காலியாகத்தானே இருக்கிறது" என்பதுதான் இதில் ஆபத்தான வாக்கியம். நிறைந்த டிரம்மைவிடக் காலி டிரம்மில்தான் ஆவியும் காற்றும் வெடிக்கும் விகிதத்தில் கலந்திருக்கும். டீசலும் மசகு எண்ணெயும்கூடச் சூட்டில் ஆவியாகும். சோப்புப் போட்டுக் கழுவினோம், தண்ணீர் நிரப்பினோம் என்று செய்பவர்கள் உண்டு. பொழுதுபோக்கு வேலைக்கு அந்த அபாயம் தேவையே இல்லை. மேல் மூடி முழுக்கத் திறக்கும் டிரம், அதுவும் உள்ளே என்ன இருந்தது என்று உறுதியாகத் தெரிந்தது, கிடைக்கும்வரை காத்திருங்கள்.

பார்த்தால் வெறும் குழாய்போல் தெரிபவை இன்னும் ஏமாற்றும். ஷாக் அப்சார்பரிலும், கார் பின்கதவைத் தாங்கும் கேஸ் ஸ்ட்ரட்டிலும் அழுத்தமான நைட்ரஜன் இருக்கும். இரண்டு முனையும் அடைத்த சதுரக் குழாய்க்குள் மழைத்தண்ணீர் தேங்கியிருந்தால் சூட்டில் நீராவியாகி உருகிய இரும்பை முகத்தில் பீய்ச்சும். முனை அடைத்த எந்தக் குழாயிலும் வெல்டு வைப்பதற்கு முன் 4 மி.மீ. ஓட்டை ஒன்று போடுங்கள். டயர் மாட்டிய ரிம்மில் வெல்டு வைக்கவே கூடாது, காற்றை இறக்கியிருந்தாலும் சரி. உள்ளே ரப்பர் சூடாகி வரும் வாயு டயரை வெடிக்கவைக்கும்.

சிற்பம் செய்பவர்கள் ஆசையாக எடுக்கும் எஞ்சின் வால்வுகளில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கும். சில எக்ஸாஸ்ட் வால்வுகளின் தண்டு உள்ளே பொள்ளலாக இருக்கும். அதில் சோடியம் அடைத்திருப்பார்கள். வெட்டினால், தண்ணீர் பட்டால், பற்றி எரியும். தண்டு வழக்கத்தைவிடப் பருமனாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

பிரிட்ஜ், ஏசி கம்ப்ரசரிலும் அதன் குழாய்களிலும் சூடு காட்டக்கூடாது. உள்ளே மிச்சமிருக்கும் குளிர்வாயு சிதைந்து நச்சாகும். பழைய பிரேக் டிரம், கிளட்ச், பாய்லர் உறை ஆகியவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் தூசி இருக்கலாம்: காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். தங்க நிறம் கலந்த மஞ்சளாகப் பளபளக்கும் பழைய போல்டு, சில பழைய பிரிட்ஜ் கம்பித் தட்டுகள் காட்மியம் பூசியவையாக இருக்கலாம். அதே நிறம் துத்தநாகப் பூச்சிலும் வரும், கண்ணால் பிரித்தறிய முடியாது. சந்தேகம் வந்தால் தூரப் போடுங்கள். காட்மியம் புகை உயிரைப் பறிக்கும் ரகம்.

ஜிஐ பைப்பில் வெல்டு வைக்கலாமா? பால் குடித்தால் போதும் என்கிறார்களே?

ஜிஐ என்பது துத்தநாகம் பூசிய இரும்பு. வைக்கலாம், அந்தத் துத்தநாகத்தை எடுத்துவிட்டு. இரும்பு உருக சுமார் 1,500 டிகிரி செல்சியஸ் வேண்டும். துத்தநாகம் 907 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். அந்த வெள்ளைப் புகையைச் சுவாசித்தால் சில மணி நேரம் கழித்து குளிர் நடுக்கம், காய்ச்சல், உடம்பு வலி, வாயில் உலோகச் சுவை வரும். பெரும்பாலும் ஓரிரு நாளில் போய்விடும். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு இறுகினாலோ அதைச் சாதாரணப் புகைக் காய்ச்சல் என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் போங்கள். காட்மியம் நச்சும் ஆரம்பத்தில் இதேபோல்தான் காட்டும்.

பால் விஷயம்: புகை போவது நுரையீரலுக்கு, பால் போவது வயிற்றுக்கு. அவ்வளவுதான்.

இணைப்பின் இருபக்கமும் 25 மி.மீ. அளவுக்கு, சாம்பல் பளபளப்பு போய் வெள்ளி நிற இரும்பு தெரியும்வரை ஃபிளாப் வீலால் (கிரைண்டரில் மாட்டும் உப்புத்தாள் மடிப்பு வீல்) தேயுங்கள். குழாயின் உள்பக்கப் பூச்சு எப்படியும் மிஞ்சும், அதனால் திறந்த வெளியில், காற்று பக்கவாட்டில் வருமாறு நின்று, பி3 அல்லது பி100 வடிகட்டி போட்ட முகமூடியோடு அடியுங்கள். சின்னச் சின்ன நட்டு போல்டை வினிகரில் ஓர் இரவு ஊறப்போட்டால் பூச்சு கரைந்துவிடும். குமிழியாக வருவது ஹைட்ரஜன். மூடி போட்டு அடைக்காதீர்கள், பக்கத்தில் நெருப்பும் வேண்டாம்.

பெயிண்டையும் துருவையும் எவ்வளவு சுத்தம் செய்யவேண்டும்?

வெல்டு விழும் இடமும் சுற்றி 25 மி.மீ.யும் பளிச்சென்று இரும்பு தெரியவேண்டும். மெஷினின் எர்த் கம்பியை இரும்போடு இணைக்கும் எர்த் கிளாம்ப் கடிக்கும் இடத்தையும் சேர்த்துத்தான். பலர் மறப்பது இதை. பெயிண்டின்மேல் கிளாம்பை மாட்டிவிட்டு மெஷினைத் திட்டுவார்கள். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும், உலர்வாகத் தேய்க்கும்போது முகமூடி கட்டாயம்.

எண்ணெய்ப் பிசுக்கை எடுக்க பிரேக் கிளீனர் அடிக்கும் பழக்கம் உங்களுக்கு இருந்தால் டப்பாவைத் திருப்பிப் படியுங்கள். டெட்ராகுளோரோஎத்திலீன் போன்ற குளோரின் சேர்ந்த கரைப்பான் இருந்தால், ஆர்க்கின் சூட்டிலும் புற ஊதாக் கதிரிலும் அது ஃபாஸ்ஜீன் வாயுவாக மாறும். சிறிதளவே நுரையீரலைக் கெடுத்துவிடும், அறிகுறி மணிக்கணக்கில் தாமதமாக வரும். வெல்டிங் செய்யும் இடத்தில் அந்த டப்பாவே இருக்கவேண்டாம். அசிட்டோனால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, துணியையும் டப்பாவையும் அப்புறப்படுத்திவிட்டு அடிக்கலாம்.

மூலைமுடுக்கு நிறைந்த துருப்பிடித்த பொருளுக்கு மின்பகுப்பு நல்ல வழி. பிளாஸ்டிக் தொட்டியில் 10 லிட்டர் தண்ணீருக்கு 40–50 கிராம் சலவை சோடா. 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் நெகட்டிவ் கம்பி துருப்பிடித்த பொருளுக்கு, பாசிட்டிவ் கம்பி ஒரு வேண்டாத மைல்டு ஸ்டீல் தகட்டுக்கு. இரண்டும் தொட்டுக்கொள்ளக்கூடாது. மாற்றி மாட்டினால் உங்கள் பொருள்தான் கரையும். தகட்டுக்குப் பதில் எவர்சில்வர் போட்டால் தண்ணீரில் ஆறு இணைதிறன் குரோமியம் சேரும். அது புற்றுநோய் உண்டாக்கும், கீழே கொட்டவும் முடியாது. புதிய ஸ்மார்ட் சார்ஜர்கள் எதிரே பேட்டரி இல்லாவிட்டால் இயங்கவே இயங்காது, பழைய வகைதான் வேண்டும். இங்கேயும் ஹைட்ரஜன் வரும், வெட்டவெளியில் வையுங்கள். ஸ்பிரிங் மாதிரிக் கடினமானவற்றை இதில் போடவேண்டாம், ஹைட்ரஜன் உள்ளே ஏறி நொறுங்கும் தன்மை வரும்.

ராடு ஒட்டிக்கொண்டே இருக்கிறது. ஏன்?

ஆம்ப் குறைவு, ஈர ராடு, எர்த் சரியாகப் பிடிக்காதது: இந்த மூன்றில் ஒன்று. ராடைக் குத்தாமல் தீக்குச்சி உரசுவதுபோல் இழுத்துப் பற்றவையுங்கள். பற்றியதும் நுனிக்கும் இரும்புக்கும் நடுவே ராடின் பருமன் அளவுக்கே இடைவெளி.

நீளமான மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயரும் இதே தொல்லையைத் தரும். 160 ஆம்ப் மெஷினுக்குக் குறைந்தது 2.5 சதுர மி.மீ. ஒயர், சுருளை முழுக்கப் பிரித்துப் போடுங்கள், சுற்றியபடியே விட்டால் சூடேறி உருகும்.

மெல்லிய குழாயில் ஓட்டை விழுந்துவிடுகிறது.

முதலில் வெர்னியர் வைத்து முனையில் அளந்துபாருங்கள். பழைய குழாய் 2 மி.மீ. என்று பேருக்கு இருக்கும். உள்ளே துரு தின்று ஒரு மில்லிமீட்டர்தான் மிஞ்சியிருக்கும். சுத்தியால் தட்டிக்கொண்டே வாருங்கள், கணீரென்ற சத்தம் திடீரென்று மந்தமாகும் இடத்தை வெட்டி எறிந்துவிடுங்கள்.

நல்ல குழாய்தான் என்றால் 2 மி.மீ. ராடு, 45–50 ஆம்ப், டிசியில் ராடு நெகட்டிவ். நெகட்டிவில் வெல்டு ஆழம் குறைவாக இறங்கும். ஒரே இழுப்பாக இழுக்காமல் 10–15 மி.மீ. வைத்து, சிவப்பு மங்கும்வரை விட்டு, அடுத்ததை வையுங்கள். செங்குத்து இணைப்பில் மேலிருந்து கீழாக வந்தால் ஆழம் குறையும், மெல்லியதற்கு அது சாதகம். இடைவெளி இருக்கும் இணைப்பில் பின்னால் செம்புத் தகடு அழுத்திப் பிடித்தால் உருகியது கீழே ஒழுகாது, செம்பிலும் ஒட்டாது. பருத்ததும் மெல்லியதும் சேரும் இடத்தில் ஆர்க்கைப் பருத்ததன் பக்கம் வைத்து, உருகிய உலோகக் குளத்தை மட்டும் மெல்லியதன்மேல் தொடவிடுங்கள்.

பார்க்க அழகாக இருக்கிறது, ஒரு அடி அடித்தால் கழன்று விழுகிறது.

இணைந்ததுபோல் தெரிகிறதே தவிர, இணையவில்லை. ஆம்ப் குறைவாக இருந்தால் உருகிய ராடு மேலே குவிந்து உருண்டு உட்கார்ந்துகொள்ளும், அடி இரும்பு உருகியே இருக்காது. முகம் மேடாகக் கயிறுபோல் இருந்து ஓரம் இரும்போடு கலக்காமல் தனிக்கோடாகத் தெரிந்தால் இதுதான் கோளாறு. எதிர்ப் பக்கத்துக் கோளாறு அண்டர்கட்: ஆம்ப் அதிகமாகி, ஓரத்தில் பள்ளம் விழுந்து, அங்கிருந்து விரிசல் தொடங்கும்.

சோதனைக்கு 50 மி.மீ. அகலம், 5 மி.மீ. பருமன் உள்ள இரண்டு பட்டைத் துண்டுகளை "ட" வடிவத்தில் நிறுத்தி ஒரு பக்கம் மட்டும் வெல்டு வையுங்கள். ஆறியதும் வைஸில் பிடித்து, நிற்கும் துண்டை வெல்டு இருக்கும் பக்கமாகவே சாயும்படி அடியுங்கள். இணைப்பின் அடி வாய் பிளக்கும். உடைந்த முகத்தில் மூலைவரை புதிய உலோகம் தெரியவேண்டும். மூலையில் வெட்டிய கோடு அப்படியே பழைய ஓரத்தோடு இருந்தால் 10 ஆம்ப் ஏற்றி மறுபடி செய்யுங்கள். கறுப்புக் கண்ணாடித் துணுக்குகள் தெரிந்தால் உள்ளே கசடு மாட்டியிருக்கிறது: ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவே சிப்பிங் சுத்தி, கம்பி பிரஷ் போடாமல் விட்டதன் பலன்.

முதலில் எதைச் செய்யலாம்?

வேலை மேசை. அடுத்து செய்யும் எல்லாவற்றுக்கும் சமதளம் அதுதான். 1,200 × 600 மி.மீ. மேற்பரப்பு, 900 மி.மீ. உயரம், 50 × 50 × 2 மி.மீ. சதுரக் குழாய், மேலே 6 மி.மீ. தகடு என்று கணக்கு வைத்தால் வெட்டவேண்டியவை:

மேல் சட்டம்: 1,200 மி.மீ. இரண்டு, 500 மி.மீ. இரண்டு
கால்: 844 மி.மீ. நான்கு
கீழ்ப் பக்கச் சட்டம்: 500 மி.மீ. இரண்டு
கீழ் நடுச் சட்டம்: 1,100 மி.மீ. ஒன்று

மொத்தம் 8.88 மீட்டர், வெட்டுச் சேதாரத்தோடு ஒன்பதரை மீட்டர் சேர்த்து வையுங்கள். குழாய் சுமார் 27 கிலோ, தகடு 34 கிலோ. 2.5 மி.மீ. 6013 முப்பது ராடு கையில் இருக்கட்டும்.

பழைய குழாய் நேராக இருக்காது என்று வைத்துக்கொண்டே தொடங்குங்கள். கண்ணை ஒரு முனையில் வைத்துப் பார்த்து, வில்லாக வளைந்ததைக் குட்டைத் துண்டுகளுக்கு வெட்டுங்கள், நேரானதை 1,200 நீளத்துக்கு ஒதுக்குங்கள். மேல் சட்டத்தைத் தரையில் படுக்கவைத்து நான்கு மூலையிலும் ஒவ்வொரு டேக் (பிடித்து நிறுத்த வைக்கும் சின்னப் புள்ளி வெல்டு) மட்டும். பிறகு மூலைவிட்டம் இரண்டையும் அளங்கள். சரியான சட்டத்தில் இரண்டும் 1,341 அல்லது 1,342 மி.மீ. வரும். வித்தியாசம் 2 மி.மீ.க்கு மேல் போனால் நீளமான மூலையில் மரச்சுத்தியால் தட்டிச் சரிசெய்து மறுபடி அளங்கள். மூலைமட்டத்தை மட்டும் நம்பாதீர்கள். அது பார்ப்பது பக்கத்தில் உள்ள 20 செ.மீ.யைத்தான்.

சட்டம் கவிழ்ந்து கிடக்கும்போதே கால்களை நிறுத்தி, ஒவ்வொன்றுக்கும் எதிரெதிரே இரண்டு டேக். இரண்டு திசையிலும் செங்குத்து பார்த்த பிறகுதான் மூன்றாவது டேக். கீழ்ப் பக்கச் சட்டங்களைத் தரையிலிருந்து 150 மி.மீ. உயரத்தில் வையுங்கள், அவற்றுக்கு நடுவே நடுச் சட்டம். எல்லாம் டேக்கில் நிற்கும்போது நிமிர்த்தி வைத்து ஆடுகிறதா என்று பாருங்கள். இப்போது சரிசெய்ய ஒரு நிமிடம் போதும். முழு வெல்டு வைத்தபின் கட்டிங் வீல்தான் வேண்டும்.

தகட்டைச் சுற்றிலும் முழு நீளத்துக்கு வெல்டு வைத்தால் ஓடம்போல் வளைந்துவிடும். அடிப்பக்கமாக 200 மி.மீ.க்கு ஒரு இடம், 25 மி.மீ. நீளம், போதும். தகட்டில் ஏற்கெனவே லேசான மேடு பள்ளம் இருந்தால் மேட்டுப் பக்கம் மேலே வருமாறு வைத்து, கிளாம்ப் போட்டு அழுத்தி, நடுவிலிருந்து வெளியே வாருங்கள். கால் அடியில் 5 மி.மீ. தகட்டு மூடி, அதில் ஓட்டை, அதன்மேல் எம்12 நட்டு (பூச்சு எடுத்தது) வெல்டு வைத்து போல்டைத் தலைகீழாகத் திருகினால் ஏற்றி இறக்கும் பாதம் கிடைக்கும்.

எவ்வளவு கவனமாக வைத்தாலும் முறுக்கிக்கொள்கிறதே?

ஆறும் வெல்டு சுருங்கும், சுருங்கும்போது தன் பக்கம் இழுக்கும். இதைத் தடுக்க முடியாது, எதிர் இழுப்பால் சமன் செய்யலாம். ஒரு மூலையை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகாமல், எதிர்மூலைக்குத் தாவுங்கள். நீள வெல்டைத் துண்டு துண்டாக, ஒவ்வொன்றும் முன்னதை நோக்கிப் பின்னுக்கு வருமாறு வையுங்கள். தேவைக்கு மேல் பெரிய வெல்டு வைக்காதீர்கள்: 2 மி.மீ. குழாய்க்கு ஒவ்வொரு பக்கமும் 3 மி.மீ. பரவும் மூலை வெல்டு போதும், தடித்து வைத்தால் பலம் கூடாது, வளைவுதான் கூடும்.

பிரேக் டிரம், ஃபிளைவீல் அடியில் வைத்து ஸ்டாண்ட் செய்ய ஆசை. எப்படி வெல்டு வைப்பது?

வைக்காதீர்கள். இரண்டும் பெரும்பாலும் வார்ப்பிரும்பு. அதில் 6013 வைத்தால் வெல்டு ஓரத்தில் கார்பன் ஏறிக் கண்ணாடிபோல் கடினமாகி, ஆறும்போதே "டிங்" என்று விரிசல் விடும். கிரைண்டர் ஸ்டாண்டுக்கோ வைஸ் ஸ்டாண்டுக்கோ அந்த கனம் அருமையான அடித்தளம்தான், ஆனால் போல்டு போட்டு இணையுங்கள். சக்கர போல்டு ஓட்டைகள் ஏற்கெனவே இருக்கின்றன. 8 மி.மீ. தகட்டில் அதே இடைவெளியில் ஓட்டை போட்டு, தகட்டின்மேல் தூண் குழாயை வெல்டு வைத்து, தகட்டை டிரம்மில் முடுக்கினால் முடிந்தது.

வார்ப்பிரும்பு உடைந்து, வெல்டு வைத்தே தீரவேண்டும் என்றால் 55 சதவீத நிக்கல் ராடு. விரிசலின் இரு முனையிலும் 3 மி.மீ. ஓட்டை போட்டு அது மேலே ஓடாமல் நிறுத்துங்கள். ஒரு தடவைக்கு 25 மி.மீ.க்கு மேல் வேண்டாம். வைத்த உடனே உருண்டை முனைச் சுத்தியால் லேசாகத் தட்டிக்கொண்டே வந்து, கை தாங்கும் சூடு வந்தபின் அடுத்தது.

ஸ்பானர், பற்சக்கரம், பேரிங், பட்டை ஸ்பிரிங் வைத்து சிற்பம் செய்யும்போது?

ஸ்பானரில் இருப்பது குரோமியப் பூச்சு, அடியில் நிக்கல். வெல்டு விழும் இடத்தில் தேய்த்து எடுத்துவிடுங்கள், முகமூடியோடு. குரோமியப் பூச்சின்மேல் நேரடியாக ஆர்க் அடித்தால் வரும் புகை, மேலே சொன்ன ஆறு இணைதிறன் குரோமியம்.

பேரிங்கின் ரப்பர் சீலை முதலில் நெம்பி எடுங்கள், கிரீஸைத் துடையுங்கள். சில சீல்கள் ஃபுளோரின் சேர்ந்த ரப்பர். கருகினால் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் உண்டாகும், தோலைத் துளைத்து எலும்புவரை போகும் சரக்கு அது. கருகிய சீலை வெறும் கையால் தொடவே கூடாது.

பேரிங், ஸ்பிரிங் இரண்டும் வெல்டு வைத்துச் சில மணி நேரம், சில சமயம் மறுநாள் கழித்துக்கூட விரிசல் விடும். 200 முதல் 250 டிகிரி செல்சியஸ் வரை முன்சூடு கொடுத்து, காய்ந்த 7018 வைத்து, உடனே காய்ந்த மணலிலோ சாம்பலிலோ புதைத்து மெதுவாக ஆறவிடுங்கள். வெறும் அலங்காரத்துக்கு என்றால் 309எல் அல்லது 312 எவர்சில்வர் ராடால் சிறு சிறு புள்ளி வைத்தாலே நிற்கும். எதுவானாலும் தண்ணீரில் முக்கி ஆற்றும் பழக்கத்தை விடுங்கள்.

வாஷிங் மெஷின் டிரம்மில் தீமூட்டும் தொட்டி?

நல்ல யோசனை, ஓட்டைகள் தயாராகவே இருக்கின்றன, எவர்சில்வர் எளிதில் துரு பிடிக்காது. மேல் விளிம்பில் உள்ள பிளாஸ்டிக் சமநிலை வளையத்தையும், பின்னால் நட்சத்திர வடிவில் இருக்கும் அலுமினியத் தாங்கியையும் கழற்றிவிடுங்கள். தகடு அரை மில்லிமீட்டர் அளவுதான், அதில் கால் வெல்டு வைக்க முயன்றால் ஓட்டைகள்தான் பெருகும். பட்டை இரும்பில் வளையமும் மூன்று காலும் தனியாகச் செய்து, தாங்கி இருந்த ஓட்டைகளில் எம்8 போல்டால் மாட்டுங்கள்.

எதைச் செய்யவே கூடாது?

கார் தூக்கி நிறுத்தும் ஸ்டாண்ட், பளு தூக்கும் கொக்கி, டிரெய்லர் இழுக்கும் கொண்டி, வண்டியின் ஸ்டியரிங் பாகம், அழுத்தம் தாங்கும் தொட்டி. ரகம் தெரியாத இரும்பு, சோதனை செய்யாத வெல்டு, அடியில் ஓர் ஆள்: இந்த மூன்றும் சேரக்கூடாது.

கண்ணுக்கும் கைக்கும் என்ன போதும்?

ஹெல்மெட் கண்ணாடியின் கறுப்பு அளவுதான் ஷேடு: 100 ஆம்ப்வரை ஷேடு 10, அதற்கு மேல் 11. தானாகக் கறுக்கும் ஹெல்மெட்டில் "கிரைண்டு" நிலை ஒன்று இருக்கும். அதை மாற்ற மறந்து ஆர்க் அடிப்பது அடிக்கடி நடக்கிறது. ஆர்க்கைப் பார்த்த கண் உடனே வலிக்காது, ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்து மணல் அள்ளிப்போட்டதுபோல் உறுத்தும். பக்கத்தில் நிற்பவருக்கும், வெள்ளைச் சுவரில் பட்டுத் திரும்பும் ஒளிக்கும் இது பொருந்தும். உடை முழுக்கைப் பருத்தி. நைலான் கலந்தது உருகித் தோலில் ஒட்டும். பேன்ட் காலை மடித்துவிடாதீர்கள், பொறி அதில்தான் போய் உட்காரும்.

உண்மையில் இந்த வேலையில் அதிகம் காயப்படுத்துவது ஆர்க் அல்ல, கிரைண்டர். 100 மி.மீ. வீல் நிமிடத்துக்குச் சுமார் 15,300 சுற்று தாங்கும், 125 மி.மீ. சுமார் 12,250, 180 மி.மீ. சுமார் 8,500. அதனால்தான் சின்ன கிரைண்டரில் கார்டை (வீலை மூடும் பாதுகாப்புத் தகடு) கழற்றிவிட்டுப் பெரிய வீல் மாட்டினால் சிதறும். நடு வளையத்தில் அச்சடித்திருக்கும் மாதமும் வருடமும் காலாவதித் தேதி. கீழே விழுந்த வீலையும் தூக்கிப் போடுங்கள். ஒரு மி.மீ. கட்டிங் வீலின் பக்கவாட்டில் தேய்க்கவேண்டாம். வெட்டும் துண்டு மூடி வீலைக் கடித்துக்கொள்ளாதபடி, விழும் பக்கத்தைத் தாங்காமல் விடுங்கள்.

தீப்பிடிக்காமல்?

பொறி பத்து மீட்டர்வரை போகும், மரத்தூளிலும் துணிக் குவியலிலும் புகைந்துகொண்டே இருக்கும். வேலை முடித்து ஒரு மணி நேரம் அந்த இடத்தை விட்டுப் போகாதீர்கள். மிச்சமிருக்கும் சில்லறை வேலைகளை, கசடு தட்டுவது, துண்டுகளை ரகம் பிரித்து சாக்குக்கட்டியால் "மைல்டு", "ஸ்பிரிங்", "தெரியாது" என்று எழுதி அடுக்குவது, அந்த நேரத்துக்கு வைத்துக்கொள்ளலாம். "தெரியாது" அடுக்கிலிருந்து எடுப்பதை மேசைக்கால் முட்டுக்கோ, எடைக்கல்லுக்கோ பயன்படுத்துங்கள்.